இருபது வினாடி எரிந்தது. ஐந்நூறு வினாடி எரியுமா?

சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒலியின் வேகத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதாவது மாக் 5-க்கு மேல், பறக்கும் ஏவுகணையின் தொல்லைகள் இந்தச் சூட்டில்தான் தொடங்குகின்றன.

வேகம் மட்டும் புதிதன்று. 1961-இல் யூரி ககாரின் திரும்பி வந்த கலம் இதைவிடப் பன்மடங்கு வேகத்தில் காற்றுமண்டலத்துள் நுழைந்தது. ஆனால் சில நிமிடங்களில் வேகத்தை இழந்துவிட்டது. காற்றுக்குள்ளேயே, வேகம் குறையாமல், வளைந்து திரும்பி நெடுந்தூரம் பறக்க முடியுமா என்பதே கேள்வி.

30 கி.மீ. உயரத்தில் கடுங்குளிர், ஏறத்தாழ மைனஸ் 46 பாகை செல்சியஸ். அங்கேயும் மாக் 6-இல் சென்றால், மூக்கில் மோதி நிற்கும் காற்று 1,400 பாகைக்கு மேல் சூடேறும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும்!

எஞ்சினின் பாடு இதைவிட மோசம். ஸ்கிராம்ஜெட் எனப்படும் இது ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. எதிர்வரும் காற்றைக் கொண்டே எரிபொருளை எரிக்கிறது. நின்ற இடத்தில் இது இயங்காது. முதலில் ஒரு ராக்கெட் இதைத் தூக்கி வேகமூட்டித் தர வேண்டும். உள்ளே வரும் காற்றைத் தடுத்து மெதுவாக்கினால் முன்சொன்ன சூடு உள்ளேயும் வந்துவிடும். ஆகவே ஒலியைவிட விரைவாகவே அதை ஓடவிடுகிறார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள எரிகலனைக் காற்று வினாடிக்கு ஒரு கி.மீ. வேகத்தில் கடக்கிறது என்று கொள்வோம். எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே கிடைக்கும். ஆடி மாதக் காற்றில் அகல் விளக்கை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

2020 செப்டம்பர் 7 அன்று, ஒடிசாக் கடலோரத்துத் தீவிலிருந்து இந்தியா இதைச் சோதித்தது. எஞ்சின் 20 வினாடிக்கு மேல் எரிந்தது. வேகம் வினாடிக்குச் சுமார் 2 கி.மீ. கணக்குப் போடுங்கள்: 20 வினாடியில் 40 கி.மீ. 1,000 கி.மீ. போக 500 வினாடி வேண்டுமே! அதுவரை எரிகலன் சுவர் தாங்குமா?

அதற்கும் வழி உண்டு. எரிபொருளை எரிக்குமுன் சுவருக்குள் ஓடவிட்டால், அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 2025 ஜனவரியில் ஹைதராபாத்தில் இப்படிக் குளிரூட்டிய எரிகலன் 120 வினாடி எரிந்தது. ஏப்ரலில் 1,000 வினாடியைக் கடந்தார்கள். எனவே முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஏப்ரலில் எரிந்தது சிறிய அளவு மாதிரி, அதுவும் தரையில். வானில் காற்று அப்படி அடங்கி வராது. 2011-இல் அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ கலம், நுழைவாயிலில் காற்றோட்டம் குலைந்து பாதியில் தோற்றது. 2013 மே மாதம் அதே வகைக் கலம் 200 வினாடிக்கு மேல் எரிந்து மாக் 5-ஐக் கடந்தது.