பீடிப் புகையும் இரத்தக் குழாயும்

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தை உடல் எங்கும் அனுப்புகிறது. இரத்தம் போகும் பாதைதான் இரத்தக் குழாய்.

ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும்? முதலில் கடைமடை காயும். நம் உடலின் கடைமடை எது? கால் விரல்கள்தான்.

புகை என்ன செய்கிறது?

புகையில் நிகோட்டின் இருக்கிறது. அது இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் இருக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

புகை குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது. அங்கே கொழுப்பு படிகிறது. இரத்தம் உறைகிறது. அடைப்பு இதயத்தில் வந்தால் மாரடைப்பு. மூளையில் வந்தால் பக்கவாதம். காலில் வந்தால்?

ஓர் உரையாடலைப் படிப்போம். ஒருவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. வயது 35. மற்றவர் சுகாதார நிலைய நர்ஸ்.

"நர்சம்மா, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுக்குது. நின்னா சரியாகுது. கட்டை விரல்ல புண்ணு வந்து ஆறவே இல்லை."

"சர்க்கரை இருக்கான்னு பார்த்தாங்களா தம்பி?"

"பார்த்தாங்க. இல்லைன்னுட்டாங்க."

"பீடி பிடிப்பீங்களா?"

"ஒரு நாளைக்கு ஒரு கட்டு. பீடி சின்னதுதானே? இலையில சுத்தினதுதானே?"

"சின்னதுதான் தம்பி. ஆனா அணையாம இருக்க அடிக்கடி இழுக்கணும். அதனால சிகரெட்டை விட விஷம் கூடுதலா உள்ளே போகுது. பெரிய ஆஸ்பத்திரியில காலை உடனே காட்டுங்க."

"பாதியாக் குறைச்சா போதாதா?"

"போதாது. தினம் ஒண்ணு ரெண்டு பிடிச்சாக்கூட இந்த நோய் வளரும். அடியோட விடணும்."

இந்த நோயின் பெயர் பர்ஜர் நோய். அமெரிக்காவின் நியூயார்க் நகர மருத்துவர் லியோ பர்ஜர் 1908-இல் இதை விரிவாக எழுதினார். 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. வருபவர்களில் அநேகமாக எல்லோரும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். இந்தியாவில் பீடி பிடிப்பவர்களிடம் இதைக் காணலாம். விரல் கறுத்து அழுகும். விரலை, சில சமயம் காலையே எடுக்க நேரிடும். கால் போனால் கூலி வேலை என்ன ஆகும்? குடும்பம் என்ன ஆகும்?

பீடியை விட்டால் நோய் வளர்வது நின்றுவிடும். விடாவிட்டால் மருந்தும் அறுவையும் கைகொடுக்கா.

விட்டால் என்ன நன்மை?

20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறையத் தொடங்கும்.
2 முதல் 12 வாரத்தில் இரத்த ஓட்டம் சீராகும்.
1 வருடத்தில் புகையால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ பாதியாகும்.
5 முதல் 15 வருடத்தில் பக்கவாத ஆபத்து, புகை பிடிக்காதவர் அளவுக்கு இறங்கும்.

எப்படி விடுவது?

ஒரு நாள் குறியுங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் அப்புறப்படுத்துங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சில வாரத்தில் அது அடங்கும். ஆசை வந்தால் தண்ணீர் குடியுங்கள். சோம்பு மெல்லுங்கள். புகையிலை மெல்ல வேண்டாம். அதிலும் நிகோட்டின் உண்டு. ஒரு முறை தவறினாலும் மீண்டும் முயலுங்கள்.

உதவி வேண்டுமா? 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

பதில் எழுதுங்கள்

1. நிகோட்டின் இரத்தக் குழாயை என்ன செய்கிறது?
2. பீடியைக் குறைத்தால் மட்டும் ஏன் போதாது?
3. உங்கள் வீட்டில் ஒரு நாள் பீடிச் செலவு எவ்வளவு? ஒரு வருடத்துக்குக் கணக்கிடுங்கள். அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம்?