தசை சுருங்குவதற்கு நரம்பு ஏன் தேவை?

மாணவர்களே, வெள்ளவத்தைக் கடற்கரையில் பந்தை உதைக்க நினைத்ததும் உங்கள் கால் எவ்வாறு அசைகின்றது?

மூளையத்தில் தோன்றும் கணத்தாக்கம் முண்ணாணினூடாக இயக்க நரம்புக்கலத்தை அடைகின்றது. அதன் முடிவிடத்தில் அசற்றைல்கோலின் வெளிவிடப்படுகின்றது. இதனால் தசைநாரினுள் கல்சியம் அயன்கள் விடுவிக்கப்பட, தசை சுருங்குகின்றது. கணத்தாக்கம் நின்றதும் தசை தளர்கின்றது.

போலியோ வைரசு சிலரில் முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்களை அழிக்கின்றது. கணத்தாக்கம் கிடைக்காத தசை சுருங்காது, நாளடைவில் மெலிந்துவிடும். அழிந்த நரம்புக்கலம் மீண்டும் உருவாகாது. எனவே தடுப்பு மருந்தே காப்பு. இலங்கையில் இறுதிப் போலியோ நோயாளி இனங்காணப்பட்டது 1993 இல். தென்கிழக்காசியப் பிராந்தியம் 2014 இல் போலியோவற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

வினா: போலியோவால் செயலிழந்த காலிலும் தொடுகை உணரப்படுவது ஏன்?
விடை: புலன் நரம்புக்கலங்கள் அழிவதில்லை.