மங்கலான ஹெட்லைட்: பல்பை மாத்துறதுக்கு முன்னாடி

ஒரகடத்துல லோடு ஏத்திட்டு ராத்திரி குன்றத்தூர் வழியா போற பழைய பிக்கப்களின் ஹெட்லைட்டைக் கவனிச்சிருக்கீங்களா? மங்கலுக்குக் காரணம் பல நேரம் பல்பு இல்லை, இந்த ரெண்டும்தான்.

1. லென்ஸ்: பாலிகார்பனேட் மேல உள்ள பூச்சு, வெயிலின் புற ஊதாக் கதிரால் சிதைந்து மஞ்சளாகும். 800, 1500, 2000 வாட்டர் பேப்பரால் வரிசையா ஈரமா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, யூவி கிளியர் கோட் அடிங்க. கோட் இல்லேன்னா சீக்கிரமே மறுபடி மஞ்சள்தான்.

2. வயரிங்: லைட்டைப் போட்டு, பேட்டரியிலும் பல்பு முனையிலும் வோல்ட் அளந்து பாருங்க. ஹாலஜன் வெளிச்சம் மின்னழுத்தத்தின் 3.4 அடுக்கை ஒட்டி மாறும். 13.5 வோல்ட் 12 ஆனா, மூணுல ஒரு பங்கு வெளிச்சம் காலி! ஃபியூஸ், ரிலே, தடிமனான வயர் போட்டா சரியாகும்.

ஹெச்4 ரிஃப்ளெக்டர் இழை இருக்கும் இடத்தை வெச்சுக் கணக்கிட்டது. அதுல எல்இடி பல்பைச் சும்மா மாட்டினா ஒளி சிதறும். ஷிஃப்ட் முடிஞ்சு எதிரே பைக்ல வர்றவருக்கும் ரோடு தெரியணும் இல்லையா?