கல்லகழ்ந்து நீர் கண்டோர்

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை, புறநானூற்றில் 18ஆம் பாட்டாக அமைந்துள்ளது. மறுமைச் செல்வமும் நிலைத்த புகழும் வேண்டுவாயாயின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கி வை என்பது அதன் சாரம். போர்வெற்றி பெற்ற வேந்தனிடம் ஒரு புலவர் நீர்நிலையைப் பற்றிப் பேசியது எண்ணி மகிழத்தக்கது. நீர் தந்தோரைப் போற்றும் மரபு தமிழில் அத்துணைப் பழமையுடையது. எனினும் அப்போற்றுதல் யாரைச் சென்றடைந்தது, யாரை அடையாது நின்றது என்பது ஆராயத்தக்கது.

திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடைப்பட்ட குஜிலியம்பாறை வட்டாரம் வானம் பார்த்த பூமி. பெயரிலேயே பாறை உண்டு. மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு மெலிந்தே பெய்யும். விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசிய குடிகள் பல வடக்கிலிருந்து பெயர்ந்து வந்தன. ஆற்றங்கரை வயல்களில் முன்னரே ஊர்கள் நிறைந்திருந்தமையால், தென்னாட்டின் இத்தகைய மேட்டுநிலங்களே அவர்களுக்கு வாய்த்தன. அவர்களும் முன்பே இங்கு வாழ்ந்த தமிழ்க்குடிகளும் காடு திருத்தினர், கிணறு அகழ்ந்தனர்.

மண்ணை அகழ்வது எளிது. பாறையை அகழ்வது அன்று. வெடிமருந்து பரவுவதற்கு முன் உளியும் சம்மட்டியும் கடப்பாரையுமே கருவிகள். கல்வேலையில் தேர்ந்த போயர்கள் இறங்கி உடைக்க, உடைத்த கல்லைக் கூடைகூடையாக ஆணும் பெண்ணும் மேலேற்றினர். நீர் கண்ட பின்னும் உழைப்பு ஓயவில்லை. இரு எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிற்றில் கட்டிய கவலைச்சால் மேலேறி நீரைக் கொட்டும். எருதுகள் பின்னோக்கி ஏறச் சால் மீண்டும் கீழிறங்கும். விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை இது நிகழும். இவ்வட்டார வழக்கில் மழையை நம்பிய நிலம் ‘காடு’. கிணறுள்ள நிலம் ‘தோட்டம்’. ஒரு கிணறு நிலத்தின் பெயரையே மாற்றிவிடுகிறது!

இவர்தம் பெயரைப் பொறித்த கல் எங்கே? மதீனாவில் விலைக்கு நீர் விற்கப்பட்ட ரூமா கிணற்றை வாங்கிப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக நிற்கிறது. நம் மாவட்டத்தின் தென்பகுதியிலும் அவ்வாறு நிலைத்த ஒரு பெயர் உண்டு. நிலக்கோட்டைப் பக்கத்துப் பேரணையில் பிரியும் கால்வாயில் ஓடுவது பெரியாற்று நீர். மேற்கே ஓடிய ஆற்றைத் தடுத்து, ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்திற்கு மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்திற்குப் பின் விரைவுற்ற இத்திட்டம், 1887இல் கட்டத் தொடங்கப்பெற்று 1895 அக்டோபரில் திறக்கப்பெற்றது. கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகின்றனர். லோயர் கேம்ப்பில் 2013இல் அரசு அவருக்கு மணிமண்டபமும் அமைத்தது.

இந்நன்றி முறையானதே. ஆயின் 1789ஆம் ஆண்டிலேயே அம்மலைக்கு ஆள்களை அனுப்பி ஆராய்ந்தவர் இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை என்பதைப் பலர் அறியார். பொருளின்மையால் அவர் எண்ணம் கைகூடவில்லை. கட்டுமானத்தில் காட்டுக் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்த கூலியாட்களின் பெயரை அறிந்தவர் அவரினும் அரியர். பேரணை கட்டிய இடத்திலேயே உழைத்தவர் பெயர் மறையுமாயின், தத்தம் தோட்டத்தில் கல்லுடைத்தவரை யார் நினைப்பர்?

பெரியாற்று நீர் குஜிலியம்பாறைக்கு எட்டாது; இப்பகுதியின் நீரோட்டம் காவிரியை நோக்கியது. மின்மோட்டார் வந்தபின் கவலை மறைந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருகப் பழைய வெட்டுக்கிணறுகள் வற்றின, சில குப்பைக்குழிகளாயின. கிணறு தூர்ந்தால் அதன் பெயரும், அதனோடு வழங்கிய குடும்பக் கதையும் உடன் தூர்கின்றன. ஊர்ப்பெயர் ஆய்வு செய்வோர் கிணற்றுப் பெயர்களை ஏனோ மிகுதியாகத் தொடவில்லை என்பது எம் கருத்து. அவ்வூர்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் விடுமுறையில் முதியோரை அணுகி இவற்றை எழுதிவரலாம். கிணற்றின் பெயர், அகழ்வித்த குடும்பம், கல்லுடைத்தவர் எவ்வூரினர், ஆழம் எத்தனை ஆள் என்னும் நான்கு செய்திகள் முதற்கண் போதும்.