'வந்தானா'வுக்குக் குரல் ஏறுமா?

ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் கடைசியில் குரலை உயர்த்தணும் என்கிறாள் மகள். அவள் அலுவலகத்து வியட்நாம்காரர் உயர்த்துவதே இல்லையாம். எது சரி?
– வாசகர், பாலக்கோடு

மகள் சொல்வது பாதி சரி. 'காபி வேணுமா?' மாதிரி ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்குத்தான் ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரல் ஏறும். 'வாட்', 'வேர்' என்று தொடங்கினால் பொதுவாக இறங்கும்.

வியட்நாம்காரர் பாவம், இஷ்டத்துக்குக் குரலை ஏற்றினால் சொல்லே மாறிவிடும். அவர்கள் மொழியின் வடக்கு வழக்கில் 6 தொனிகள். 'மா' என்பது ஒரு தொனியில் பேய், இன்னொன்றில் நெல் நாற்று! அவர்கள் 'இல்லை' என்று பொருள்படும் சொல்லையே வாக்கியக் கடைசியில் ஒட்டிக் கேள்வியாக்கிவிடுவார்கள்.

நாமும் கிட்டத்தட்ட அவர் கட்சிதான். 'வந்தான்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் 'வந்தானா', வேலை முடிந்தது. நன்னூல் இதை வினா எழுத்துகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. உங்கள் ஊர்த் தக்காளிச் சந்தையில் காது கொடுங்கள்: கன்னடம் பேசுபவர் 'பந்தனா' என்பார், தெலுங்கு பேசுபவர் 'வச்சாடா' என்பார். எல்லாம் அதே 'ஆ'.

ஆங்கிலத்தில் அந்த 'ஆ' கிடையாது. அங்கே சொற்களின் வரிசை மாறும், குரலும் கூடவே வேலை செய்யும். இன்றைக்கே 'வேர்' கேள்வி ஒன்றைக் குரல் இறக்கி மகளிடம் கேட்டுப் பாருங்கள்.