யந்திர அறிவும் நாட்டரணும்

அரண் என்னுஞ் சொல் முற்காலத்தில் மதில், அகழி, மலை, காடு என்பவற்றையே குறித்து நின்றது. இக்காலத்தில் அதன் பொருள் மிக விரிந்துவிட்டது. எல்லையில் நிறுத்தப்பட்ட காமிரா காண்பதையும், ஆளில்லா விமானம் அனுப்பும் படத்தையும், கடலினுள் எழும் ஓசையையும் பகுத்து, இது பகை, இது நட்பு என்று தெரிவிக்குந் தொழில் யந்திரங்களிடம் ஒப்புவிக்கப்பட்டு வருகின்றது. அங்ஙனம் பகுத்துணருமாறு பழக்கப்பட்ட கணிப்பொறியின் திறனையே செயற்கை நுண்ணறிவு என்கிறோம். நாட்டைக் காக்கும் அவ்வறிவுக்கே காவல் அமைப்பது எங்ஙனம், அதற்கென அமைந்த ஆராய்ச்சிக் குழுவை நடத்துவோர்க்கு வேண்டுவன யாவை என்பவற்றை, நமது விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் யாவரும் அறிந்த சில எடுத்துக்காட்டுகளின் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. நம் நாட்டில் இத்துறையின் வரலாறு

இத்துறை நமக்கு முற்றும் புதியதன்று. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ், செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபோக்களுக்குமான மையம் 1986ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் தோன்றியது. 2018ஆம் ஆண்டில் பாதுகாப்பு அமைச்சகம், இவ்வறிவைப் படைத்துறையில் பயன்படுத்துவது பற்றி ஆராய ஒரு பணிக்குழுவை ஏற்படுத்திற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் நாமக்கல்லை அடுத்த மோகனூரைச் சேர்ந்த திரு. நா. சந்திரசேகரன் ஆவார். அக்குழுவின் பரிந்துரைகளையொட்டி 2019இல் பாதுகாப்புத் துறைக்கெனச் செயற்கை நுண்ணறிவு மன்றம் ஒன்றும், திட்டங்களை நடத்தும் முகமை ஒன்றும் அமைந்தன. 2020 ஜனவரியில் ஐந்து இளம் விஞ்ஞானிகள் ஆய்வகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் பெங்களூரிலுள்ளது செயற்கை நுண்ணறிவுக்கு உரியது. 2024 அக்டோபரில், படைத்துறையிற் புகும் இத்தகைய யந்திரங்கள் நம்பத்தக்கனவா என மதிப்பிடுதற்குரிய ஒரு நெறிமுறையும் வெளியிடப்பட்டது.

2. கேடு விளையும் வழிகள்

இவ்வறிவுக்குப் பகைவரால் நேருங் கேடுகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, விதையிற் கலப்பு. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை நம்மவர் நன்கறிவர். டி.எம்.வி. என்ற எழுத்துக்களைத் தாங்கி நாடெங்கும் பரவிய நிலக்கடலை, எள் வகைகள் தம் பெயரிலேயே திண்டிவனத்தைச் சுமந்து செல்கின்றன. விதைப்பண்ணையில் வேற்றினச் செடி ஒன்று நின்றாலும் அதனைப் பிடுங்கி எறிவர். கலவன் நீக்காத வயலின் விளைவு விதைக்கு உதவாது என்பது உழவர் அறிந்த உண்மை. செயற்கை நுண்ணறிவுக்கு விதை, அது கற்கும் படங்களும் எழுத்துக்களும் எண்களுமேயாம். பகைவன் அவற்றுள் பொய்யான சிலவற்றைக் கலந்துவிட்டால், யந்திரம் பிழையையே மெய்யெனக் கற்றுக்கொள்ளும். கலப்பு நேர்ந்தது விதைப்பன்று தெரியாது. அறுவடை நாளிலேயே தெரியும்.

இரண்டாவது, கண்கட்டு. ஒரு படத்தில் மனிதர் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றங்களைச் செய்து யந்திரத்தை ஏமாற்ற இயலும் என்பதை 2013இல் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். 2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், ‘நில்’ என்னுஞ் சாலைப் பலகையில் சில ஒட்டுத்தாள்களை ஒட்டி, யந்திரம் அதனை வேக அளவைக் காட்டும் பலகையென்று கொள்ளுமாறு செய்தனர். சாலையில் நிகழ்வது போர்க்களத்திலும் நிகழலாம் அன்றோ? பீரங்கி வண்டியை லாரி என்றும், அகதிகளின் வண்டியைப் படை என்றும் யந்திரம் கருதுமாயின், அதனால் வருங் கேடு எத்துணைப் பெரிது!

மூன்றாவது, களவு. யந்திரத்தைப் பலமுறை வினவி, அது தரும் விடைகளைத் தொகுத்து, அதன் உள்ளமைப்பை ஒத்த மற்றொன்றைப் பகைவன் செய்துகொள்ளலாம். பின்னர் அதனை வைத்தே நமது யந்திரத்தின் குறைகளையெல்லாம் ஓய்வாகத் தேடலாம்.

3. குழுவை நடத்தும் முறை

இத்தகைய ஆராய்ச்சியில் தலைவனுக்கு முதற்கண் வேண்டுவது தோல்வியை முன்னரே எண்ணிப் பார்க்குந் துணிவு. இதற்குச் சான்று விழுப்புரத்திலேயே உண்டு. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக விளங்கிய திரு. ப. வீரமுத்துவேல் விழுப்புரத்திற் பிறந்தவர். அத்திட்டம் போருக்குரியதன்று; எனினும் குழுவை நடத்தும் நெறிக்கு அது சிறந்த பாடமாகும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவில் மோதி அழிந்தது. அதன்பின் வந்த குழுவினர், எவை சரியாக நடக்கும் என்று எண்ணாது, எவை எவை பிழைக்கக்கூடும் என்று எண்ணி அவற்றிற்கேற்பக் கலத்தை அமைத்தனர். கால்கள் வலியனவாயின; எரிபொருள் மிகுந்தது; 500 மீட்டர் சதுரமாயிருந்த இறங்குமிடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. இறங்கும் இறுதி நிமிடங்களில் பூமியிலிருந்து கட்டளை எதுவுமின்றிக் கலம் தானே முடிவு செய்யவேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் அது இனிதே இறங்கிற்று.

இந்நெறியைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். யந்திரத்தை ஆக்குவோர் ஒரு சாராரும், பகைவரைப்போல் நின்று அதனைத் தாக்குவோர் மற்றொரு சாராருமாகக் குழு இரு கூறுபடல் வேண்டும். ஆக்கியவரே சோதித்தால், தாய் தன் மகவின் குறை காணாதது போலாகும். கணிதம் வல்லாரோடு களத்தில் நின்ற போர்வீரரும் குழுவில் இருத்தல் வேண்டும். புழுதியும் பனியும் இருளும் படத்தை எவ்வாறு மாற்றும் என்பதை அவரே அறிவர். குறை கண்டு உரைத்தவனைத் தலைவன் கடிந்துகொள்வானாயின், அடுத்த குறை அவன் செவிக்கு எட்டாது. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. ஆட்களை ஆராய்ந்து நம்புதற்குக் கூறிய அம்முறை இன்று யந்திரத்திற்கும் வேண்டுவதாயிற்று.

4. இறுதித் தீர்ப்பு யாருக்குரியது?

திண்டிவனத்திற்கு மேற்கே உள்ள செஞ்சிக் கோட்டையைக் காணாதார் நம்மிற் சிலரே. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை எதிர்த்து நின்ற அக்கோட்டை, 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்பாரின் பிரெஞ்சுப் படைக்கு ஒரே இரவில் வசமாயிற்று. தோற்றோடிய படையைத் தொடர்ந்து வந்தவர்கள் வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்தனர். மலையும் மதிலும் அன்றும் அவ்வாறே இருந்தன; வாயில் காக்கப்படவில்லை. அரணின் வலி அதன் மிக மெலிந்த இடத்தின் வலியே என்பது இதனால் விளங்கும்.

அக்கோட்டையின் இராஜகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் ஆழ்ந்த பிளவு ஒன்று குறுக்கிடுகின்றது. அதன்மேலிருந்த பாலம் ஒன்றே வழியாதலின், காவலர் சிலர் நின்றே உச்சியைக் காக்க இயன்றது. யந்திர அறிவிலும் அத்தகைய கடைசிப் பாலம் ஒன்று வேண்டும். அதில் நிற்பவன் மனிதனாதல் வேண்டும். 1983 செப்டம்பர் 26ஆம் நாள், அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று சோவியத் நாட்டின் எச்சரிக்கை யந்திரம் அறிவித்தது. காவலிலிருந்த பெத்ரோவ் என்னும் அதிகாரி, மெய்யான தாக்குதல் இத்துணைச் சில கணைகளோடு தொடங்காது என்று எண்ணி, அதனைப் பொய்யெனத் தீர்மானித்தார். மேகத்திற் பட்டுத் தெறித்த ஞாயிற்றொளியே யந்திரத்தை மயக்கிற்று எனப் பின்னர் தெரிந்தது. அவர் பாலத்தில் நில்லாதிருப்பின் விளைவு யாதாயிருக்கும்!

முடிவுரை

விரைவு வேண்டுமாதலின் முடிவையும் யந்திரத்திடமே விட்டுவிடலாம் என்பாருளர். பகைவனது யந்திரம் விரைந்து சுடுங்கால் நம்மவர் எண்ணிக்கொண்டிருக்கலாமோ என அவர் வினவுவர். இது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. வரும் ஏவுகணையைத் தடுத்து வீழ்த்துதல் போன்ற செயல்களில் யந்திரத்தின் விரைவு இன்றியமையாததே. ஆயினும் மனிதர் உயிரை வாங்குந் தீர்ப்புக்குப் பொறுப்பேற்க யந்திரத்தால் இயலாது. பொறுப்பேற்பான் ஒருவன் இல்லாத இடத்தில் நீதி நில்லாது என்பதே நமது துணிபு.

மேற்கூறிய இளம் விஞ்ஞானிகள் ஆய்வகங்களில் இயக்குநர் உட்பட யாவரும் 35 வயதிற்குட்பட்டவராதல் வேண்டும் என்பது விதி. ஆகவே இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் சில்லாண்டுகளில் அத்தகைய குழுவிற்குத் தலைமை தாங்கலாம். அவர் கணிதமும் கணிப்பொறி நூலும் கற்பாராக; அவற்றோடு வரலாறும் அறநூலும் கற்பாராக. முன்னவை யந்திரத்தை ஆக்கும் வழியைக் காட்டும்; பின்னவை அதனை எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் காட்டும்.