தேடுபொறி முடிவுகளை ஒப்பிடுதலும் தணிக்கை ஐயமும்: தூத்துக்குடித் தரவுகளை முன்வைத்து

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது தூத்துக்குடியில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு பற்றித் தரவு திரட்டும் ஆய்வாளர், ஒரு தேடுபொறி காட்டும் பக்கத்தை மற்றொன்று காட்டாதபோது தணிக்கை நிகழ்ந்ததாக ஐயுறுதல் இயல்பே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் எடுக்கப்படும் தடை நடவடிக்கைகள் மறைபொருளாகவே காக்கப்பட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுத் தடைவிதிகளுள் 16ஆவது விதி. ஆணையைக் காண இயலாதவிடத்து ஒப்பீடே சான்றாக எஞ்சுகிறது.

ஆயினும் தணிக்கையைக் கருதுமுன் எழுத்துமுறையை நோக்குதல் வேண்டும். 'துப்பாக்கிச்சூடு' எனச் சேர்த்தும், 'துப்பாக்கிச் சூடு' எனப் பிரித்தும், ஒற்று மிகாது 'துப்பாக்கி சூடு' என்றும் இதழ்கள் எழுதுகின்றன. புணர்ச்சி இலக்கணம் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை போலும். 'போராட்டம்' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும், இரண்டு குறியெண்களின் சேர்க்கையாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை, இயல்பாக்கம் செய்யாத கருவிக்கு இருவேறு சொற்கள்.

எனவே ஐயத்திற்கு இடமற்ற சொல்லொன்றை உடன்வைத்துத் தேடுதல் தேவை. 'தூத்துக்குடி முத்துக்குளிப்பு', 'தூத்துக்குடி சங்குகுளிப்பு' ஆகியன அதற்குப் பொருந்தும். ஊரும் மொழியும் ஒன்று, ஒற்றுச் சிக்கலும் ஒன்று, அரசியல் மட்டும் இல்லை. இவற்றிலும் அதே தேடுபொறி பின்தங்கினால் குறை தமிழ்ப் பக்கங்களைத் திரட்டும் முறையில் இருக்கலாம். திரையில் தோன்றும் முடிவுகளின் மொத்த எண்ணிக்கை தோராய மதிப்பீடே. அதனை ஒப்பிடுதல் பயனற்றது. தேடுபொறியின் துணையின்றி முன்கூட்டியே தொகுத்த பக்கங்களுள் எவை கிடைக்கின்றன என்பதை ஒரே நாளில், ஒரே இடத்தில், பயனர் கணக்கில் நுழையாமல் சோதிப்பதே தக்கது.

இரண்டு தேடுபொறிகள் ஒத்துரைப்பதும் இரண்டு சான்றுகள் ஆகா. டக்டக்கோ தன் முடிவுகளைப் பெரிதும் பிங்கிலிருந்தே பெறுகிறது. 2021 ஜூன் 4 அன்று, தியானன்மென் சதுக்கத்தில் பீரங்கி வண்டிகளை மறித்து நின்றவரின் படத்தைப் பிங் காட்டாதபோது டக்டக்கோவிலும் அது கிட்டவில்லை. மைக்ரோசாப்ட் அதனை மனிதப் பிழை என்றது.

தேடுபொறியின்மீது ஏற்ற இயலாத இழப்பும் உண்டு. 2018 மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. அந்நாள்களின் உள்ளூர்ப் பதிவுகளுள் பல எழுதப்படாமலே போயிருக்கக்கூடும். எழுதப்படாத பக்கத்தை எத்தேடுபொறியும் மறைத்ததாகக் கொள்ள முடியாது. அந்நாள்களைப் பொறுத்தவரை அச்சிதழ்களின் மாவட்டப் பதிப்புகளையும், 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையையும் அளவுகோலாகக் கொண்டே தேடல் முடிவுகளை மதிப்பிட வேண்டும்.